வாலடியைப் பார்த்துப் பேர் சொல்லுலே

ஏலே பேராண்டி, சாரல்ல நனைஞ்சுகிட்டு வலையும் கையுமா ஆத்தங்கரையில நிக்கியே, பாக்க நல்லாத்தான் இருக்கு. கழுத்துல லென்சு, இடுப்புல பாட்டிலு. போன்ல ஒரு படத்தைக் காட்டி, "தாத்தா, இது எந்த இனம்?"னு வேற கேக்கே. படத்துல றெக்கை தெரியுது, முதுகு தெரியுது, ஓரத்துல உன் கட்டைவிரலு துல்லியமாத் தெரியுது. கட்டைவிரலுக்கு வேணும்னா இனம் சொல்லுதேன்.

பூச்சி தேடி வந்த வாத்தியார்மாருக்கு வலை தூக்கி, வெள்ளைத் துணி கட்டி, ராத்திரியில விளக்குப் பிடிச்ச கிழவன் நான். அவங்க ஆளுக்கொரு பட்டம் வாங்கிட்டுப் போயிட்டாங்க. எனக்கு மிஞ்சினது முழங்கால் வலியும் கொஞ்சம் விவரமும். வலியை உனக்குத் தர வழியில்ல. விவரத்தை மட்டும் வாங்கிக்க.

மொதல்ல கையில இருக்கது நீ தேடுற மேஃப்ளைதானான்னு பாரு. ஈசலைப் பிடிச்சு வச்சுக்கிட்டு லத்தீன்ல பேர் தேடுன ஆளுங்களை எனக்குத் தெரியும். ஈசலுக்கு நாலு றெக்கையும் ஒரே அளவு, உக்காந்தா முதுகு மேல படுக்கப் போட்டுக்கிடும். மேஃப்ளை றெக்கையைச் செங்குத்தா நிமித்தி வச்சிருக்கும். முன்றெக்கை பெருசு, முக்கோணம். பின்றெக்கை சின்னது, சிலதுக்கு அதுவும் கிடையாது. வயித்து முனையில நீளமா ரெண்டோ மூணோ இழை தொங்கும். ஈசலையாவது வறுத்துத் திங்கலாம். இதுக்குப் பேர்தான் வைக்கலாம்.

அப்புறம் ஆணா பெட்டையான்னு பாரு. உலகத்துல 3,000-க்கு மேல மேஃப்ளை இனம் பேர் வாங்கியிருக்கு. றெக்கை முளைச்ச பூச்சியை இனம் பிரிக்க எழுதின புத்தகத்துல பேச்செல்லாம் பெரும்பாலும் ஆணைப் பத்தித்தான். பெட்டையைக் கொண்டு போனா, குடும்பம் இன்னதுன்னு சொல்லிட்டு வாயை மூடிக்கிடுவாங்க. அதனால நீ செய்யுறது மாப்பிள்ளை பாக்குற வேலைதாம்லே. ஒரு வசதி, இந்த மாப்பிள்ளைக்குச் சோறு போட வேண்டாம். வளந்த பிறகு வாய் உதவாது, குடல்ல காத்துதான் இருக்கும். தண்ணிக்குள்ள கிடந்த காலத்துல தின்னதை வச்சுக்கிட்டே மிச்சப் பொழுதை ஓட்டி, கல்யாணத்தையும் முடிச்சாகணும். அதுக்கு வேண்டிய சாமான்தான் அதுங்கிட்ட எடுப்பா இருக்கும்: கண்ணு, முன்னங்கால், வாலடி.

கண்ணுல இருந்து தொடங்கு. பெட்டைக்கு ரெண்டு பக்கமும் ஒதுங்கின சின்னக் கண்ணு. ஆணுக்கு அது ஊதிப் பெருத்து உச்சந்தலையில ஒண்ணோடொண்ணு முட்டப் பாக்கும். பேட்டிடேன்னு ஒரு குடும்பம் இருக்கு, அந்த வீட்டு மாப்பிள்ளை தலைப்பாக்காரன். ஒவ்வொரு கண்ணும் ரெண்டு பங்கா பிரிஞ்சு, மேல்பங்கு தனியா எழும்பி தலைப்பா கட்டி நிக்கும். மஞ்சள், ஆரஞ்சு, செம்பழுப்புன்னு நிறம் மாறும். மேல்கண்ணு வானத்தைப் பாத்தபடி இருக்கும், தலைக்கு மேல பறக்குற பெட்டையைக் கண்டுபிடிக்க. கீழ்க்கண்ணு மத்த சோலிக்கு. உனக்கும் ரெண்டு கண்ணு இருக்கு, ரெண்டையும் போனுக்கே குத்தகைக்கு விட்டுட்டே.

அடுத்தது முன்னங்கால். ஆணுக்கு அது மத்த காலை விட ரொம்ப நீளம். பறந்துகிட்டே பெட்டைக்கு அடியில போயி, அந்தக் காலை மேல நீட்டி றெக்கை அடியில பிடிக்கும். நீ பாட்டிலைக் குலுக்கினதுல அந்தக் கால்தான் மொதல்ல உதிர்ந்திருக்கும். குலுக்காதேன்னா கேக்கியா?

கண்ணு பெருசா இல்லையா, பெட்டைன்னு ஒதுக்கிராதே. கேனிடே குடும்பத்துல ஆணுக்கும் கண்ணு சின்னதுதான், ரெண்டும் தள்ளித் தள்ளித்தான் இருக்கும். பின்றெக்கை கிடையாது, வால் இழை மூணு, ஆணுக்கு உடம்பை விட பல மடங்கு நீளம். அரிசி நீளத்துக்குள்ள அடங்குற சின்ன ஜாதி, வெளிச்சத்துக்கு வந்து சட்டையில ஒட்டும். பெரிய பெரிய ஆளெல்லாம் தடுக்கி விழுந்த இடம் இது, நீயும் விழு, கூச்சப்படாதே.

இன்னொரு ஏமாத்து வேலை இருக்கு, அதைக் கவனமாக் கேளு. றெக்கை முளைச்ச பிறகும் தோல் உரிக்கிற பூச்சி மேஃப்ளை ஒண்ணுதான். தண்ணியை விட்டு வெளிய வந்ததும் மங்கின றெக்கையோட ஒரு நிலை, அதுக்கு சப்இமாகோன்னு பேர். இன்னொரு தடவை சட்டையைக் கழட்டினாத்தான் றெக்கை கண்ணாடியா மின்னும், முன்னங்காலும் வால் இழையும் நீளும், வாலடி முழுசா உருவாகும். றெக்கை ஓரத்துல பொடி மயிர் இருந்து, நிறமும் மங்கலா இருந்தா, மாப்பிள்ளைக்கு இன்னும் வயசு வரலைன்னு அர்த்தம். அதைப் பாத்து இனம் சொல்லுறவன் வயசுக்கு வராத பையனுக்கு ஜாதகம் பாக்கான். காத்து போற டப்பாவுல ஒரு இலையைப் போட்டு, ஈரத்தோட வச்சு விடு, அது பாட்டுக்கு உரிச்சுக்கிடும். ஆனா கேனிடேக்காரனுக்கு உரிச்ச பிறகும் றெக்கை ஓரத்துல மயிர் இருக்கும். பாத்தியா, அந்தக் குடும்பம் எங்க போனாலும் வம்புதான்.

வீட்டை, அதான் குடும்பத்தை, கண்டுபிடிக்கிறது அவ்வளவு கஷ்டமில்ல. ரெண்டு வால், பின்றெக்கை துளியூண்டு, இல்லைன்னா அதுவும் இல்ல, முன்றெக்கை ஓரத்துல எதுலயும் ஒட்டாத குட்டி நரம்பு இருந்தா பேட்டிடே. அந்தக் குட்டி நரம்பு அந்த வீட்டுல பேட்டிஸுங்கிற பேரினத்துக்கு ஜோடி ஜோடியா இருக்கும், குளத்துல வளர்ற குளோயானுக்கு ஒத்தை ஒத்தையா இருக்கும். ரெண்டு வாலும், பின்றெக்கை நல்ல அளவும், பின்னங்கால் பாதத்துல தனித்தனியா அசையுற அஞ்சு கணுவும் இருந்தா ஹெப்டஜெனிடே. வால் மூணு, உடம்பு பெருசு, முன்றெக்கை அடியில ரெண்டு நரம்பு சட்டுனு வளைஞ்சு போகுதுன்னா எஃபெமெரிடே. மூணு வாலோட, கண்ணு மேல் பங்கு கீழ் பங்கா பிரிஞ்சு, அந்த நரம்பு வளைவு இல்லாம இருந்தா லெப்டோஃப்ளெபிடேயான்னு சந்தேகப்படு.

அந்தக் கடைசி வீட்டு மேல எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு. கே.ஜி. சிவராமகிருஷ்ணன்னு ஒரு பூச்சி ஆராய்ச்சிக்காரர் 1984-ல அந்த வீட்டுல பீட்டர்சுலான்னு ஒரு பேரினத்தையே புதுசா எழுதினார். வில்லியம் பீட்டர்ஸுன்னு அமெரிக்காவுல மேஃப்ளை ஆராய்ச்சி பண்ணினவர், அவர் பேரு பேரினத்துக்கு. அதுல ஒரு இனத்துக்கு நம்ம குத்தாலத்துப் பேரு: பீட்டர்சுலா கோர்ட்டலென்சிஸ். ஊரு பூரா எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சிட்டுப் போகுது, புத்தகத்துல இடம் பிடிச்சது இந்தப் பூச்சி.

சரி, இனி வெக்கத்தை விடு. வீடு தெரிஞ்ச பிறகு இனம் தெரியணும்னா, கண்ணும் றெக்கையும் கால்வாசிதான் சொல்லும். மிச்சத்தை வாலடிதான் சொல்லணும். பூச்சியை மல்லாத்திப் போடு. ஒன்பதாவது வளையத்துக்குக் கீழ ஒரு ஜோடி இடுக்கி நீட்டிக்கிட்டிருக்கும், பெட்டையைப் பிடிக்க. அது எத்தனை கணு, எந்தக் கணு நீளம், உள்பக்கம் மேடு இருக்கான்னு பாரு. கேனிடேக்கு ஒரே கணுதான். இடுக்கிக்கு நடுவுல ஆணுறுப்பு, அதுவும் ரெண்டு. ஒட்டியிருக்கா, விலகியிருக்கா, முனை வளைஞ்சிருக்கா, முள்ளு இருக்கா, எல்லாம் பாக்கணும். அக்கா தங்கச்சி மாதிரி இருக்க ரெண்டு இனத்தைப் பிரிக்கிறது பெரும்பாலும் இதுதான். முகம் சிவக்குதே? சிவக்கட்டும். பேட்டிடேக்காரனுக்கு மட்டும் அந்த ஆணுறுப்பு தோலாகி உள்ள ஒடுங்கிப் போயிருக்கும். அங்க இடுக்கியையும் பின்றெக்கை வடிவத்தையும் வச்சுத்தான் முடிவு கட்டணும். கழுத்துல தொங்குற லென்சு இதுக்கெல்லாம் போதாது. நுண்ணோக்கி வேணும், சில சமயம் வாலடியை வெட்டி எடுத்து, காரத்துல போட்டுத் தெளியவச்சு, கண்ணாடிச் சில்லுல ஏத்தணும்.

கண்ணு நிறத்தை உசிரோட இருக்கும்போதே எழுதி வச்சுக்க. 80 சதவீத ஆல்கஹால்ல போட்டா நிறம் வெளுத்துப் போகும். ஒரு பாட்டில்ல ஒரு கூட்டத்துப் பூச்சியை மட்டும் போடு, எந்த ஓடை, எந்த நேரம்னு பென்சில்ல எழுதி உள்ள போடு. பேனாவுல எழுதினா மை கரைஞ்சு பூச்சிக்கு மருதாணி வச்ச கணக்கா ஆயிரும்.

ஆணுங்க கூடி ஆடுற இடத்துல வலை வீசு. அந்தி நேரத்துல தண்ணிக்கு மேல ஏறி இறங்கி ஆடும், இனத்துக்கு இனம் நேரமும் உயரமும் வேற. அந்தக் கூட்டத்துக்குள்ள பெட்டை வந்து உடனே ஜோடியோட வெளிய போயிரும், அதனால வலையில விழுறது ஆண்தான். பெட்டைக்கும் பேர் வேணும்னா ஓடையில கல்லைப் புரட்டு. றெக்கைப் பை கறுத்த இளம்பூச்சியைப் பிடிச்சு, காத்து ஊதுற தொட்டியில வளத்து, மேல வலைத்துணி கட்டு. வெளிய வந்த பூச்சியையும் அது கழட்டின தோலையும் ஒரே பாட்டில்ல வச்சா, தண்ணிக்குள்ள இருந்ததும் பறக்குறதும் ஒரே இனம்னு உறுதியாயிரும்.

டி.என்.ஏ. பாத்தா ஒரே நாள்ல தெரிஞ்சிரும்னு முணுமுணுக்கே, காது கேக்குதுலே. தெரியும். ஆனா ஒப்பிட்டுப் பாக்க, பேர் தெரிஞ்ச பூச்சி ஒண்ணு முன்னாலயே இருந்தாகணுமே. அந்தப் பேரைச் சொன்னவன் வாலடியைப் பாத்துத்தான் சொல்லியிருப்பான்.

எங்க, பாட்டிலைக் கொடு. இது பெட்டை, இதுவும் பெட்டை. இது சப்இமாகோ. இது... கொசுலே, கொசு! அந்தா பாறைக்கு மேல கூட்டம் ஆடுது பாரு, இருட்டினா கலைஞ்சிரும். வலையை எடுத்துக்கிட்டு ஓடு. பாசி வழுக்கும், பாத்துக் கால் வை. விழுந்து பல்லு போச்சுன்னா உங்க ஆத்தாளுக்கு நான்தான் பதில் சொல்லணும்.