திருப்தியா, மிகவும் திருப்தியா?

புற்றுநோயிலிருந்து மீண்டவர்களும் அவர்களைப் பராமரிப்பவர்களும் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று ஆராயும் தாதியியல் ஆய்வாளர்களே, தயவுசெய்து எல்லோரும் பதுளைக்கு வாருங்கள். இதைவிட மலிவான ஆய்வுக்களம் உலகத்தில் கிடையாது. ஒலிப்பதிவுக் கருவி வாங்க வேண்டாம். பதிவைக் கேட்டுக் கேட்டு எழுத ஆள் வைக்க வேண்டாம். பசறை, மடுல்சீமை, நமுனுகுலை, பூனாகலை பக்கத்துத் தோட்டத்து நோயாளிக்கும் வெள்ளை உடுப்புக்கும் நடுவில் நடக்கும் உரையாடல் மொத்தத்தையும் பஸ் டிக்கட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். 'கட்ட அரின்ன' என்று சிங்களத்தில் சொல்வார்கள். இவர் வாயைத் திறப்பார். 'ஹரி, லபன மாசே என்ன' என்பார்கள். இவர் எழும்பிப் போவார், அடுத்த மாதமும் வருவார். முடிந்தது.

உலகம் இந்த விஷயத்தில் எவ்வளவோ தூரம் போய்விட்டது. கெட்ட செய்தியை நோயாளிக்கு எப்படிச் சொல்வது என்று 2000ஆம் ஆண்டிலேயே 'ஸ்பைக்ஸ்' என்ற பெயரில் ஆறு படி வைத்து முறை வகுத்துவிட்டார்கள். முதல் படி, தனியிடம் பார்த்து உட்கார்ந்து பேசுவது. இரண்டாவது, தன் நோயைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று அவரையே கேட்பது. மூன்றாவது, எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று கேட்பது. விருப்பமாம்! 2005இல் அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் ஓர் அறிக்கை போட்டது. சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவர் கையிலும், என்ன வைத்தியம் நடந்தது, இனி எதைக் கவனிக்க வேண்டும், யாரை எப்போது பார்க்க வேண்டும் என்று எழுதிய தாள் இருக்க வேண்டும் என்றது.

நாங்கள் மட்டும் குறைந்தவர்களா? எங்கள் ஆட்கள் கையிலும் எழுத்து இருக்கிறது. கிளினிக் கொப்பி. சிலிசிலிப் பையில் சுற்றி, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். உள்ளே இருப்பது ஆங்கிலம், அதிலும் டொக்டர் கையெழுத்து ஆங்கிலம். இந்த நாட்டின் மும்மொழிக் கொள்கை இவ்வளவு துல்லியமாக அமுலாகிற இடம் வேறு கிடையாது: தாதி மிஸ்ஸி பேசுவது சிங்களம், டொக்டர் எழுதுவது ஆங்கிலம், அம்மா அழுவது தமிழ்.

மொழிபெயர்ப்புக்கு ஏற்பாடு இல்லை என்று யாரும் பழி சொல்ல வேண்டாம். ஏற்பாடு இருக்கிறது. எட்டாம் வகுப்புப் படிக்கிற பேத்தி. பள்ளிக்கூடத்தை மறித்துக் கூட்டி வந்திருப்பார்கள். இரண்டாம் மொழிச் சிங்களப் பாடத்தில் 'மகே பாசல' (என் பள்ளிக்கூடம்) என்று ஐந்து வசனம் எழுதிப் பாராட்டு வாங்கிய பிள்ளை. அது டொக்டர் சொல்வதைக் கேட்கிறது, முழிக்கிறது, இன்னொரு தடவை கேட்கப் பயப்படுகிறது. திரும்பிப் பார்த்தால் கிழவி வாயைத் துண்டால் மறைத்துக்கொண்டு தன் முகத்தையே பார்க்கிறாள். 'ஒண்ணுமில்லயாம் அப்பாயி. தண்ணி நெறய குடிக்கட்டுமாம்.' கழுத்தில் புதிதாக ஒரு கட்டி தெரிகிறது, சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்பதைத்தான் டொக்டர் சொன்னார். பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் கெட்ட செய்தியைச் சொல்லி, அதைப் பாட்டிக்குச் சொல்லும் பொறுப்பையும் அதன் தலையில் கட்டுவது ஆறு படியில் எத்தனையாவது படி?

வாய்ப்புற்றுதான் இங்கே பேச்சு. இலங்கை ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் அதுதான். தோட்டத்தில் பெண்களும் வெற்றிலை, பாக்கு, பொயிலை போடுகிறவர்கள். குளிருக்கும் பசிக்கும் மலையில் நிற்கிறவளுக்கு வேறென்ன இருக்கிறது? பாக்கே புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை முடிவு சொல்லி இருபது வருடத்துக்கு மேலாகிறது. 2016இல் புகையற்ற புகையிலைப் பொருட்களுக்கு அரசாங்கம் தடையும் போட்டது. சரி, வெட்டி எடுத்து, கதிர் வைத்து, ஆள் பிழைத்தாயிற்று. அதற்கு மேல்தான் சொல்ல வேண்டியது அதிகம். கதிர் வைத்த வாயில் எச்சில் வற்றும். தாடை மெல்ல இறுகும். தினமும் திறந்து மூடிப் பழகாவிட்டால் கொஞ்ச நாளில் ஒரு கரண்டி சோறு உள்ளே போகாது. பல் வலித்தால் கண்ட இடத்தில் பிடுங்கக் கூடாது, தாடை எலும்பே செத்துப்போகலாம். முதல் வருடம் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கட்டாயம் காட்ட வேண்டும், ஏனென்றால் வந்த இடத்துக்கே திரும்பி வரக்கூடியது அது. இத்தனையும் சொல்லப் பத்து நிமிடமும் ஒரு மொழியும் போதும். சொல்லாவிட்டால், வாய் காய்கிறதே என்று அவர் இன்னொரு வாய் வெற்றிலை போட்டுக்கொள்வார். பிறகு ஆளுக்கு ஆள் தலையில் அடித்துக்கொள்ளலாம்: 'சொன்னால் கேட்கிற சனமா இது?'

சொல்லியாயிற்று என்பது இந்த மலைக்குப் பழக்கமான பதில். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனபோதும், 2005இலும் 2011இலும் எச்சரித்தோமே என்றார்கள். எச்சரிக்கை கோப்பில் பத்திரமாக இருந்தது. சனம் மண்ணுக்குள் இருந்தது.

கிளினிக்குக்கு வராதவர் கதையையும் கேளுங்கள். கிளினிக் நாள் என்றால் பேர் இல்லை, அதாவது அன்றைய நாட்சம்பளம் இல்லை. கூடப் போகிற மகளுக்கும் பேர் இல்லை. 2024இல் போராடிக் கூட்டியபோதே அடிப்படைச் சம்பளம் ஒரு நாளைக்கு 1,350 ரூபாய்தான் ஆனது. இரண்டு பேருக்கும் நாட்சம்பளம் போச்சு, பஸ் காசு தனி. மஹரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் இரவுப் பயணம். திகதி மாறிவிட்டது என்று கடிதம் போட்டால், லயத்துக்குத் தனி விலாசம் ஏது? அது தோட்ட ஆபீசில் கிடந்து, கணக்கப்பிள்ளைக்கு ஞாபகம் வரும்போது வந்து சேரும். கொப்பியில் இவருக்குக் கிடைக்கிற பட்டம் 'தவறவிட்டவர்'. ஆய்வு அறிக்கையில் காரணம்: குறைந்த கல்வியறிவு. நோயாளியின் மொழியில் ஒரு வசனம் பேசத் தெரியாதவரின் கல்வியறிவை அளக்க மட்டும் இன்னும் கேள்விக்கொத்து தயாராகவில்லை.

மிஸ்ஸிமார்மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு வார்ட்டையே ஒற்றை ஆளாகச் சுமக்கிறவர்கள். சிலர் தாங்களாகவே நாலு தமிழ்ச் சொல் பொறுக்கி வைத்திருக்கிறார்கள்: 'வா', 'துப்பு', 'வாய் தொற', 'வலி இருக்கா'. எழுபது வயதுக் கிழவரையும் 'வா போ' என்பது யாரிடமிருந்தோ கேட்டுப் பழகியது. மரியாதைத் தமிழ் சொல்லித் தர அரசாங்கத்துக்கு நேரம் வரவில்லை. சட்டம் போட நேரம் வந்தது. 1956இல் சிங்களம் மட்டும். 1987இல் தமிழும் அரச கரும மொழி. 1991இல் அதைக் கண்காணிக்க ஓர் ஆணைக்குழு. 1999இல் வர்த்தமானி போட்டு பதுளை, பண்டாரவளை, ஹாலிஎல, ஹப்புத்தளை உள்ளிட்ட பிரதேச செயலகப் பிரிவுகளை இருமொழி நிர்வாகம் ஆக்கினார்கள். ஊவாவில் அன்றிலிருந்து இன்றுவரை தமிழ் தெரிந்த அரச உத்தியோகத்தர் என்றால் பெயர்ப்பலகைதான். அதிலும் எழுத்துப்பிழை.

நம் தலைவர்களைச் சொல்லாமல் விட்டால் பாவம் வரும். அவர்களுக்கு இருமல் என்றால் கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரி, கொஞ்சம் முற்றினால் சென்னை. அங்கே தமிழிலேயே பேசுகிறார்கள். மொழியுரிமை விஷயத்தில் அவர்கள் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஆகவே ஆய்வாளர்களே, கேள்விக்கொத்தோடு வாருங்கள். இரண்டு யோசனை சொல்கிறேன். சிங்களமோ ஆங்கிலமோ தெரியாதவரைச் சேர்ப்பதில்லை என்று விதி வைத்துவிட்டால் தொடர்பாடல் பிரச்சினையே இருக்காது. தரவு பளிங்கு மாதிரி வரும். மனச்சாட்சி இடம் தராமல் தமிழில் அச்சடித்து வந்தாலும் கவலை வேண்டாம். எங்கள் ஆட்கள் எல்லாக் கேள்விக்கும் 'நல்லதுங்க' என்பார்கள். இருநூறு வருடமாகத் துரைக்குச் சொல்லிப் பழகிய பதில். மிகவும் திருப்தி, ஐந்துக்கு ஐந்து. நாக்கை வெட்டி எடுத்த மனுஷரிடம், 'நீங்கள் கேட்க நினைத்ததைக் கேட்க முடிந்ததா?' என்றால் அவர் தலையை ஆட்டுவார். ஆம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் சிபாரிசு என்று ஒரு பக்கம் இருக்குமே, அதில் ஒரு வரி சேர்க்க இடம் இருந்தால் இதைச் சேருங்கள். கிளினிக்குக்கு ஒருவர், சம்பளத்தோடு, மொழிபெயர்க்க. ஆள் இல்லை என்று சொல்வார்கள். பசறையிலும் லுணுகலையிலும் உயர்தரம் பாஸாகிய பிள்ளைகள் கொழும்பில் புடவைக்கடையிலும் ஹோட்டலிலும் நாள் முழுக்கச் சிங்களம் பேசித்தான் பிழைக்கிறார்கள். சேலையில் எந்த ஊர்ச் சரிகை, எத்தனை முழம், எந்தத் தண்ணீரில் துவைத்தால் சாயம் போகும் என்று இரண்டு மொழியிலும் பொறுமையாக விளக்குகிறார்கள். முதலாளிக்கு அந்தப் பிள்ளைகள் கிடைக்கிறார்கள். சுகாதார அமைச்சுக்குத்தான் கிடைக்கவில்லையாம்.