ஏசி வேனில் எட்டிப்பார்க்கும் மரபு

தென்சென்னையில் மூத்த பயணியருக்கென நடத்தப்படும் மரபு நடை, அதாவது பழைமையான இடங்களை வழிகாட்டியின் பின்னே நடந்து காணும் சுற்றுலா, முழங்கால்களின் நலன் கருதிப் பெரும்பாலும் ஏசி வேனுக்குள்ளேயே நிறைவேறிவிடுகிறது. கல்வெட்டில் 1516 எனக் குறிக்கப்பட்ட லஸ் தேவாலயம், 1896இல் புதுக் கட்டடம் பெற்ற சாந்தோம் பேராலயம், கடலோரத்துப் பழைய கோயில் அழிந்தபின் இன்றைய இடத்தில் எழுந்ததாகக் கருதப்படும் கபாலீசுவரர் கோயில் ஆகிய மூன்றையும் இட்லிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடையில் முடித்தாக வேண்டியிருப்பதால், நகரத்தின் சமய நல்லிணக்கம் என்பது செருப்பை எங்கே கழற்றுவது, எங்கே மாட்டிக்கொள்வது என்ற அறிவிப்பாகச் சுருங்குகிறது.

நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரைத் தாங்கிய தியாகராய நகரின் வரலாறு, பட்டுச்சேலைக் கடையின் படியேறுவதற்குள் சொல்லி முடிக்கப்படுகிறது. ஜரிகையைப் பற்றிய விளக்கத்துக்கு மட்டும் நேரக் கட்டுப்பாடு கிடையாது. அடையாற்றில் 1882 முதல் இயங்கும் பிரம்மஞான சபைத் தோட்டத்தின் ஆலமரமோ, 1989 புயலில் அடிமரம் சாய்ந்தும் விழுதுகளை ஊன்றி நிற்பதால், மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டோரின் தனி மரியாதைக்கு உரியதாகிறது.

இதற்கிடையே, கபாலீசுவரர் கோயிலின் தெற்கு மாட வீதியில் வாழைத்தண்டுக்குப் பேரம் பேசும் உள்ளூர்ப் பாட்டியை ‘வாழும் மரபு’ என்று அவர் வயதுப் பயணியர் கண்ணாடி வழியே படமெடுக்கின்றனர். நடைபாதையை ஸ்கூட்டர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நடுத்தெருவில் நிற்கும் அவரை ஒதுங்கச் சொல்லி, அந்த மரபின்மீதே வேன் ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார்.