ஜெர்மனித் தம்பி

விழுப்புரம் நான்குமுனைச் சந்திப்பில் ஒருவர் சாலையைக் கடக்காமல் நின்றுகொண்டே இருந்தால் அவர் போக்குவரத்துக் காவலராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜெர்மனியில் படிக்கிற பிள்ளையாக இருக்க வேண்டும். காவலருக்குச் சீருடை உண்டு. தம்பிக்கும் உண்டு. ஆகஸ்ட் புழுக்கத்திலும் கழற்றாத ஷூ, முதுகோடு ஒட்டிய பை, கையில் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், எதிர்ப்பக்கக் கம்பத்தில் பச்சை மனிதன் எரிகிறானா என்று தேடும் பார்வை. வராத பச்சைக்கு அவர் காத்திருக்கையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், இரண்டு ஆடுகள், வைக்கோல் ஏற்றிய டிராக்டர், பேரனை இடுப்பில் வைத்த ஒரு பாட்டி என்று எல்லோரும் கடந்து போய்விடுகிறார்கள். கடைசியில் அந்தப் பாட்டியே திரும்பி வந்து, "இன்னா தம்பி, கண்ணு தெரியலியா?" என்று கையைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுகிறாள்.

இந்த இனம் நம் பக்கம் தென்படுவதற்குப் பருவம் உண்டு. அங்கே வகுப்புகள் ஜூலைக் கடைசியில் முடிகின்றன. அம்மன் கோயில் கூழ் அண்டாக்கள் தெருவுக்கு வரும் நாளில் தம்பியும் திண்டிவனத்தில் வந்து இறங்குகிறார். மீனம்பாக்கத்தில் காரில் ஏறியதும், பின்சீட்டில் உட்கார்ந்து முதல் காரியமாக பெல்ட்டைத் தேடுவார். அது சீட்டுக்கு அடியில் புதைந்து கிடக்கும். இழுத்தால் கூடவே கடலைத் தோலும் யாரோ தொலைத்த கொலுசுத் திருகும் வரும். ஓட்டுநருக்கு மனசு விட்டுப்போகும். "ஏந்தம்பி, எம்மேல நம்பிக்கை இல்லியா? இருவது வருசமா ஓட்டறேன்." அதற்கப்புறம் அச்சிறுபாக்கம் வரைக்கும் அவர் வாயைத் திறக்க மாட்டார்.

முன்பு நம் தெருக்களில் வெளிநாடு என்றால் சவூதிக்காரரும் சிங்கப்பூர்க்காரரும்தான். அவர்கள் டேப் ரிக்கார்டர், கோடாலித் தைலம், பூப்போட்ட போர்வை என்று கொண்டுவந்தார்கள். அறிவுரை கொண்டுவரவில்லை. இரண்டு வருஷக் களைப்பைத் தூங்கித் தீர்க்கவே லீவு போதாது. மாணவரின் பெட்டி வேறு மாதிரி. மேல்மருவத்தூர் தாண்டுவதற்குள் உருகிப்போன சாக்லேட், அத்தைக்கு ஒரு காந்தப் பொம்மை, அப்பாவுக்கு ஒரு ஜாடி கடலை வெண்ணெய்.

கடலை வெண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நாடு முழுக்க விதைத்த டி.எம்.வி. ரகக் கடலைகள் தலையில் சுமப்பது இந்த ஊரின் பெயரைத்தான். தம்பியின் அப்பாவோ கடலை மண்டிக்காரர். மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி எடுத்தால் எந்த மண்ணில் விளைந்தது என்று சொல்லிவிடுவார். அவரிடம் போய் இந்த ஜாடி. விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார்.

"வறுக்கிறப்ப தீ தூக்கிடிச்சி. காயும் போன வருசத்துது. எவ்ளோ?"

"மூணு யூரோப்பா."

யூரோ இப்போது ஏறத்தாழ நூறு ரூபாய். மண்டிக்காரருக்குக் கணக்குப் போட நேரம் ஆகாது. "முந்நூறா?" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் நிலைமையைக் காப்பாற்றினாள். "ஜாடி நல்லா இருக்குதுங்க. புளி போட்டு வைக்கலாம்."

இந்த நூறால் பெருக்குவது தம்பிக்கும் தொற்றிய வியாதிதான். அங்கே முதல் வருஷம் முழுக்க எதை எடுத்தாலும் நூறால் பெருக்கி, பயந்து, இருந்த இடத்திலேயே வைத்தார். ஊருக்கு வந்ததும் நூறால் வகுக்க ஆரம்பித்துவிடுகிறார். டீ 12 ரூபாய் என்றால் வெறும் பன்னிரண்டு சென்ட்! நாளுக்கு ஏழு டீ ஓடுகிறது. அப்படி ஒரு நாள் டீக்கடையில் நின்றபோது ஆரோவில் பக்கம் இருந்து மொபெட்டில் ஒரு ஜெர்மானியர் வந்து இறங்கினார். 1968-இல் ஆரோவில் உருவானதில் இருந்து வானூர்ப் பக்கத்துக்கு இது புதிதில்லை. தம்பிக்குக் குதூகலம், அட்சர சுத்தமான ஜெர்மனில் வணக்கம் சொன்னார். வந்தவர் லுங்கியை மடித்துக் கட்டியபடி, "அண்ணா, ஒரு டீ, சக்கர கம்மி" என்றார். கடைக்காரர் தம்பியை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் நான் எழுதத் தேவையில்லை.

தம்பி அங்கே கற்றுக்கொண்டதில் முக்கியமானது, நேரம் வாங்காமல் யார் வீட்டுக்கும் போகக் கூடாது என்பது. முனிசிபாலிடிக்குப் போக நேரம் வாங்க வேண்டும், முடிவெட்ட நேரம் வாங்க வேண்டும், நண்பன் வீட்டில் டீ குடிக்கவும் வாங்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் விக்கிரவாண்டி அத்தைக்கு போன் போட்டு, "அத்தை, நாளைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு உங்க வீட்டுக்கு வரலாமா?" என்று கேட்டார். பெற்ற பிள்ளை போல் பின்கதவு வழியாக வந்து சட்டியைத் திறந்து பார்க்கிறவன் இப்படிக் கேட்டால் அத்தை என்ன நினைப்பாள்? "யாருக்கு இன்னாடா ஆச்சு?" என்று அலறிவிட்டாள். அடுத்த பஸ்ஸிலேயே மாமாவும் அவளும் திண்டிவனம் வந்து இறங்கிவிட்டதால் மறுநாள் நாலு மணிச் சந்திப்பு நடக்கவில்லை.

இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். ஆவணி முகூர்த்தத்தில் நடந்ததுதான் குடும்பத்துக்குத் தலைகுனிவாகப் போயிற்று.

ஜெர்மனியில் தண்ணீர் பாட்டில் வாங்கினால் விலைக்கு மேல் 25 சென்ட் முன்பணம் வாங்கிக்கொள்வார்கள். காலி பாட்டிலைக் கடையில் இருக்கும் இயந்திரத்தின் வாயில் கொடுத்தால் அந்தக் காசு திரும்ப வரும். மாணவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. மாதக் கடைசியில் நான்கு பாட்டில் ஒரு யூரோ, ஒரு யூரோவுக்கு ரொட்டி. விடுதி விருந்து முடிந்ததும் ஆடினவர்கள் தூங்கப் போவார்கள். நம்மவர் பை எடுத்துக்கொண்டு புறப்படுவார். இப்படிப் பழகிய கண், திண்டிவனம் கல்யாண மண்டபப் பந்தியில் வந்து உட்கார்ந்தது. இலைக்கு ஒரு பாட்டில். ஒரு பந்திக்கு இருநூறு இலை. பாதி பேர் மூடியைத் திருகி இரண்டு மடக்கு குடித்துவிட்டு எழுந்து போகிறார்கள்! மூன்று பந்திக்கு அறுநூறு பாட்டில். அறுநூறு கால் நூற்றைம்பது. நூற்றைம்பதை நூறால் பெருக்கினால் பதினைந்தாயிரம் ரூபாய். தம்பிக்கு அப்பளம் தொண்டையில் இறங்கவில்லை. கை கழுவப் போகும் வழியில் அவரையறியாமலே ஒரு பாட்டிலை எடுத்தார். பிறகு இன்னொன்று. ஐந்தாவது இலையைத் தாண்டும்போது பட்டு வேட்டியின் மடியில் ஐந்து சேர்ந்துவிட்டன.

பந்தி துடைக்கிற ஆயா அவரை வந்தவுடனேயே கவனித்துவிட்டாள். அந்தப் பாட்டில்கள் அவளுடையவை. மண்டபத்தின் பின்னால் சாக்கு வைத்திருக்கிறாள். காயலான் கடையில் கிலோ கணக்கில் போடுவாள். ஜெர்மனிக்காரர்கள் சட்டம் போட்டு, இயந்திரம் வைத்து நடத்துவதை அவள் ஒரு சாக்கை வைத்து நடத்திக்கொண்டிருக்கிறாள். இடுப்பில் கைவைத்து நின்று, பந்தி முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்: "இது யார் வூட்டுப் புள்ள? பட்டு வேட்டி கட்டிகினு பாட்டில் பொறுக்குது?"

பெண் பார்க்கும் தரகர் ஒருவர் அதே பந்தியில் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார் என்பதை மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகிறேன்.

ராத்திரி அமைதி பற்றியும் தம்பிக்குக் கொள்கை உண்டு. அங்கே பத்து மணிக்குமேல் சத்தம் கூடாது. ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஆணி அடித்தால்கூடப் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். இங்கே கோயில் ஸ்பீக்கர் கட்டில்வரை வந்து பாடியதும் எழுந்து போனார். விழாக் குழுவில் இருந்தது சொந்த மாமா.

"மாமா, பத்து மணிக்குமேல ஸ்பீக்கர் போடக் கூடாதுன்னு சட்டமே இருக்கு."

"இருக்குது மாப்ள. 2000-த்துல போட்ட சட்டம். அதுலியே வருசத்துக்குப் பதினஞ்சு நாள் பன்னெண்டு மணி வரைக்கும் அரசாங்கம் அனுமதிக்கலாம்னும் இருக்குது."

"இப்ப மணி ஒண்ணரை மாமா."

"அதான் சொல்றேன். இது அந்தச் சட்டத்துல வராது."

தம்பியின் வாயை அடைத்த இன்னொருவர் ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர். விழுப்புரம் சந்திப்பில் ரயில் ஐந்து திசைக்குப் பிரிகிறது. சென்னை, விருத்தாசலம் வழியாகத் திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி. அங்கே முப்பது வருஷம் கொடி பிடித்தவரிடம் ஜெர்மன் ஒழுங்கைப் பற்றிப் பேசலாமா? "அங்க ரயிலு டயத்துக்கு வருமா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். தம்பி நல்ல பிள்ளை. பொய் சொல்லத் தெரியாது. 2024-இல் அங்கே தொலைதூர ரயில்களில் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம்தான். அதுவும் ஆறு நிமிஷத்துக்குள் வந்துவிட்டால் தாமதமே இல்லை என்று வைத்துக்கொண்ட கணக்கு. பெரியவர் மீசையைத் தடவியபடி, "நம்ம பாசஞ்சரைப் போயி இன்னா சொன்னீங்க?" என்றார்.

கோட்டைக் கதையும் கிட்டத்தட்ட இதுதான். தம்பியின் போனில் பவேரியாவின் நொய்ஷ்வான்ஸ்டைன் மாளிகை எல்லாக் கோணத்திலும் இருக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. அதே கூட்டத்தில்தான் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் நம் செஞ்சிக் கோட்டையும் பட்டியலுக்குள் போனது. திண்டிவனத்தில் இருந்து செஞ்சிக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அந்தக் கோட்டையின் ராஜகிரி உச்சியைத் தம்பி இதுவரை பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறார். ஜெர்மனியில் யாரோ "உங்கள் ஊரிலும் ஒரு கோட்டை சேர்ந்திருக்கிறதாமே" என்று கேட்டபோது இணையத்தில் படம் தேடிக் காட்டினாராம்.

இவருக்கு உறவுமுறையில் சிலர் உண்டு. பிலிப்பைன்ஸ் டாக்டர், ஜார்ஜியா டாக்டர், ஒரே வருஷத்தில் எம்.எஸ்ஸி. முடித்த லண்டன்காரர். டாக்டர்களிடம் ஊரே நாடி பிடித்துப் பார்க்கச் சொல்லிக் கைநீட்டும். இங்கே திரும்பி வந்து தகுதித் தேர்வில் 300-க்கு 150 வாங்கின பிறகுதான் கைதொட முடியும் என்பதை வீட்டார் யாரிடமும் சொல்ல மாட்டார்கள். அவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

தம்பியைத் தேடி சாயங்காலம் பையன்கள் வருவார்கள். இன்ஜினியரிங் கடைசி வருஷம், கையில் நோட்டு. அப்போதுதான் தம்பியின் முகம் மலர்கிறது. எந்த ஊர் யுனிவர்சிட்டியில் ஃபீஸ் இல்லை, எந்த மாநிலத்தில் செமஸ்டருக்கு 1,500 யூரோ கேட்பார்கள், எந்த ஊரில் தோசைமாவு கிடைக்கும், சட்டப்படி வருஷத்தில் 140 முழு நாள் வேலை பார்க்கலாம் என்று வழி சொல்லிக்கொண்டே போகிறார். வங்கியில் 11,904 யூரோவைப் பூட்டிவைக்க வேண்டும், மாதம் 992 யூரோதான் வெளியே விடுவார்கள் என்றதும், ஓரத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த தாத்தாவுக்குப் பொறுக்கவில்லை. "நம்ம காசை நமக்கே அளந்து குடுக்கறானா? நெலத்த வெச்ச காசுடா அது!"

இப்படி வழி சொல்வது திண்டிவனத்துக்குப் பரம்பரைத் தொழில். ஊருக்குள்ளேயே இருக்கிற கிடங்கலில் இருந்து ஆண்டவன்தான் ஓய்மான் நாட்டு நல்லியக்கோடன். அவனிடம் பரிசில் பெற்ற பாணன், எதிரே வருகிற பசித்த பாணனை மடக்கி, போகும் வழியை 269 அடியில் சொல்கிறான். நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை அது. எயிற்பட்டினத்தில் சுட்ட மீன், வேலூரில் புளியிட்ட சுடுசோறு, ஆமூரில் நண்டோடு சோறு என்று சாப்பாட்டுப் பட்டியலையும் விடவில்லை. ஆனால் அந்தப் பாட்டில் என்னைப் பிடித்து நிறுத்துவது வேறு இடம். பரிசு பெறுமுன் பாணனின் வீட்டில் குப்பையில் முளைத்த கீரையை உப்பில்லாமல் வேகவைக்கிறார்கள். அக்கம்பக்கத்தார் கண்ணில் படக்கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறார்கள். அதையும் அந்தப் பாணன் மறைக்காமல் சொல்லிவிடுகிறான். தம்பி சொல்வதில்லை. வீடியோ காலில் அம்மா பார்ப்பது எப்போதும் ஒரே சுவரைத்தான். கேமரா இந்தப் பக்கம் திரும்பினால் ஞாயிற்றுக்கிழமை வடித்து புதன்கிழமை வரை ஓட்டும் சோறு தெரியும். பையன்கள் கேட்கிறார்கள்:

"அண்ணா, பார்ட் டைம் இன்னா வேலைண்ணா?"

"லாஜிஸ்டிக்ஸ்டா."

நோட்டில் பயபக்தியோடு எழுதிக்கொள்கிறார்கள்.

புறப்படுவதற்கு முதல் நாள் பெட்டி மண்டிக்கு வருகிறது. விமானத்தில் 23 கிலோதான். வீட்டில் இருக்கிற கொக்கித் தராசை அப்பா நம்ப மாட்டார். மண்டித் தராசுதான் சத்தியம். உள்ளே இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல், வடகம், வறுத்த கடலை இரண்டு கிலோ. லோடுமேன் ஒருவர், "நீ வுடு தம்பி, நான் தூக்கறேன்" என்று வருவதற்குள் தம்பி முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து, பெட்டியை மார்போடு அணைத்து ஒரே மூச்சில் தராசில் இறக்கினார். சத்தம் வரவில்லை.

லோடுமேன்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படித் தூக்குவது புத்தகத்தில் வராது. "யாரு கத்துக் குடுத்தது?" என்றார் மூத்தவர். அப்பா தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருவத்தஞ்சே கால். ரெண்டே கால் எடுக்கணும்" என்றார்.

"ராத்திரில பார்சல் குடோன்ல ஏத்தி எறக்குவேண்ணா" என்றார் தம்பி, மெதுவாக.

"கூலி?"

2026 ஜனவரியில் இருந்து அங்கே சட்டப்படி குறைந்தபட்சக் கூலி 13.90 யூரோ. தம்பி பழக்கதோஷத்தில் நூறால் பெருக்கியே சொல்லிவிட்டார். "ஆயிரத்து முந்நூத்தித் தொண்ணூறு."

"ஒரு நாளைக்கா?"

"மணிக்கு."

தோளில் இருந்த மூட்டையை மூத்தவர் கீழே வைத்தார். முகத்தைத் துண்டால் துடைத்தார். "ஏம்ப்பா, பாஸ்போர்ட்டு எடுக்க எவ்ளோ நாளு ஆவும்?"