நான் எப்போதும் அத்தை கட்சி

எழுதியவர் என்ன தொனியில் எழுதியிருக்கிறார் என்று சாதாரண தரப் பரீட்சைப் பிள்ளைகளிடம் கேட்கிறார்கள். எழுதியவர் செத்து நூறு வருஷம் ஆகியிருக்கும். அவர் கோபமாக இருந்தாரா, ஏங்கினாரா, நக்கலடித்தாரா என்று வலப்பனையில் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை, எதிர்த்த மலையே தெரியாத பனி மூட்டத்துக்குள் உட்கார்ந்து துப்புத் துலக்க வேண்டும். பிள்ளை துலக்கிவிடுகிறது. அப்பன்தான் மாட்டிக்கொள்கிறான்.

மகள் ஆங்கில இலக்கியத்தை ஒரு பாடமாக எடுத்திருக்கிறாள். சனிக்கிழமையானால் பஸ்ஸேறி ராகலை, கந்தப்பளை வழியாக நுவரெலியாவுக்குக் கிளாஸுக்குப் போவாள். வந்ததும் பாஸ்ட் பேப்பரை விரித்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவாள். நான் தோட்டத்து ஆபிஸில் கிளாக்கர். கொழும்பிலிருந்து வரும் இங்கிலிஷ் கடிதத்துக்கு இங்கிலிஷிலேயே பதில் எழுதுகிறவன். அந்த வகையில் ஊரில் எனக்கு ஒரு மரியாதை இருக்கிறது. வீட்டிலும் இருந்தது.

முதலில் வந்தவர் சாகி. அவருடைய 'தி லம்பர் ரூம்' பாடத்தில் இருக்கிற கதை. நிக்கலஸ் என்று ஒரு பொல்லாத பயல். பாலும் ரொட்டியும் வைத்த கிண்ணத்தில் தவளையைப் போட்டவன். அவனைத் தோட்டத்துக்குள் விடாமல் காவல் காக்கப் போன அத்தை, மழைத் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்துவிடுகிறாள். ஏணி கொண்டுவா என்று கத்துகிறாள். பயல், "டீக்கு ஸ்ட்ரோபெரி ஜாம் உண்டா?" என்று கேட்கிறான். உண்டு என்கிறாள் பாவம். "அப்படியானால் நீ அத்தையில்லை, சாத்தான், அத்தை ஜாமே இல்லை என்றல்லவா சொன்னாள்" என்று விட்டுப் போய்விடுகிறான்.

"தொனி என்னப்பா?" என்றாள் மகள்.

"ஆழ்ந்த அனுதாபம்" என்றேன்.

"யார் மேல?"

"அத்தை மேலதான். விழுந்தவளுக்கு இடுப்பு என்ன ஆச்சு என்று ஒரு வரி எழுதவில்லை பார், அந்த மனுஷனுக்குத் துக்கம் தொண்டையை அடைத்திருக்கிறது."

மகள் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். சாகி பர்மாவில் பிறந்து, தாயைச் சின்ன வயதிலேயே இழந்து, இங்கிலாந்தில் கண்டிப்பான அத்தைமாரிடம் வளர்ந்தவர் என்று பொறுமையாகச் சொன்னாள். அதாவது, அந்த அத்தையைத் தொட்டிக்குள் தள்ளியதே அவர்தானாம்.

சரி, வெள்ளைக்காரன் நமக்குப் பிடிபடமாட்டான், நம்ம ஆள் வரட்டும் என்று இருந்தேன். ஆர்.கே. நாராயண் வந்தார். 1967இல் வந்த 'தி வெண்டர் ஆஃப் ஸ்வீட்ஸ்'. மால்குடியில் மிட்டாய்க் கடை வைத்திருக்கும் ஜகன், காந்தி பக்தர், உப்பையும் சீனியையும் விட்டவர், கல்லாவில் உட்கார்ந்து பகவத் கீதை படிப்பவர். மகன் மாலி அமெரிக்கா போய், கதை எழுதும் மெஷின் ஒன்றைத் தயாரிக்கும் யோசனையோடு திரும்பி, அதற்கு முதல் போடு என்று அப்பனைக் கேட்கிறான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? நான் கண் கலங்கிப் படித்தேன். கீதை படித்துக்கொண்டே கல்லாவையும் கவனிக்கிறார் என்றால் அது பொறுப்பு. ஆசிரியரின் தொனி வணக்கமும் மரியாதையும் கலந்தது என்று எழுதிக் கொடுத்தேன்.

"மென்மையான கேலி" என்று திருத்தினாள் மகள்.

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் விளங்கியது. எந்தப் பந்தியை எடுத்தாலும் எழுதியவர் யாரையோ பார்த்துச் சிரிக்கிறார். அந்த யாரோ, வயதான, யோக்கியமான, பிள்ளைகளின் நன்மைக்காகப் பாடுபடுகிற ஆளாகவே இருந்து தொலைக்கிறார். நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். அங்கிருந்து பார்த்தால் கேலி தெரியாது.

கிளாஸில் தொனிகளுக்கு ஒரு பட்டியல் வேறு கொடுத்திருந்தார்கள், பக்கம் முழுக்க. மனைவி தமிழ் டீச்சர். எட்டிப் பார்த்துவிட்டு, "தொல்காப்பியர் மெய்ப்பாட்டை எட்டோடு முடிச்சிட்டாருங்க" என்றாள். அதில் முதலாவது நகை. அது நாலு விஷயத்தில் பிறக்குமாம்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். "எள்ளல் மகளுக்கு இருக்கு, இளமையும் அவளுக்குத்தான் இருக்கு" என்றவள், மிச்சம் இரண்டைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் தேங்காய் துருவப் போய்விட்டாள்.

போகிற போக்கில் புறநானூற்றையும் போட்டுவிட்டுப் போனாள். தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலைப் பெருமையாகக் காட்ட, ஔவையார் அவை பீலி சூட்டி நெய் பூசிப் பளபளவென்று இருப்பதைச் சொல்லி, அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாராம். தொண்டைமான் என்ன பதில் சொன்னான் என்று கேட்டேன். பாட்டில் இல்லை என்றாள். நன்றி சொல்லி, இன்னொரு கொட்டிலையும் திறந்து காட்டியிருப்பான். எனக்குத் தெரியும் அந்த ஆளை.

இதில் எரிச்சல் என்னவென்றால், தோட்டத்தில் இந்தப் பாடத்தில் எல்லோரும் ஏ எடுத்தவர்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஒரு அம்மா பிந்தி வருகிறாள். கணக்கப்பிள்ளை, "வாங்க மகாராணி, இப்பத்தான் விடிஞ்சுதா?" என்று கை கூப்புகிறார். அச்சில் போட்டால் இது வரவேற்புரை. அந்த அம்மாவோ ஒரு வார்த்தை பேசாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்பிவிடுகிறாள். அன்றைக்கு வேலை இல்லை, பேர் விழாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. யார் யாரிடம் பேசுகிறார் என்று கண்ணால் பார்க்கிறாள், அவ்வளவுதான். கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற விரிவுரையாளர் இதைத்தான் சொன்னார்: தொனி என்பது பேசுகிறவர் கேட்கிறவரை எப்படி நினைக்கிறார் என்பது. அவர் கவிதைகளிலிருந்து எழுதியவர் பெயரை எடுத்துவிட்டு, நன்றாகப் படித்த பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார். அவர்கள் தடுமாறியதையெல்லாம் 1929இல் புத்தகமாகவே போட்டார். எனக்கு அந்தப் புத்தகம் பெரிய ஆறுதல்.

டானியல் டீஃபோ இன்னும் பெரிய ஆறுதல். 1702இல் இங்கிலாந்துத் திருச்சபையின் தீவிரவாதிகளைக் கிண்டல் செய்ய, அவர்கள் குரலிலேயே, சபையை ஏற்காதவர்களை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று ஒரு துண்டுப் பிரசுரம் எழுதினார். தீவிரவாதிகளில் சிலர் ஆகா என்றார்கள். டீஃபோவின் சொந்தக் கூட்டம் நடுங்கியது. கடைசியில் விஷயம் தெரிந்து, 1703இல் அவரை மூன்று நாள் நடுத்தெருவில் கழுத்தும் கையும் சிக்கும் மரச் சட்டத்தில் மாட்டி நிறுத்தினார்கள். தொனி புரியாதவனுக்கு ஐந்து புள்ளிதான் போகும், எழுதியவனுக்குக் கழுத்தே போகப் பார்த்தது என்று மகளிடம் சொன்னேன். "இது பேப்பரில் வராதுப்பா" என்றாள்.

மானத்தைக் காப்பாற்ற என்னிடம் ஒரே ஒரு ஆதாரம் மிச்சம் இருந்தது. முன்னொரு காலத்தில், கொழுந்துக் கணக்கை இரண்டு கொப்பியில் எழுதாமல் மூன்று கொப்பியில் எழுதினால் என்ன என்று கொழும்புக்கு ஒரு யோசனை எழுதிப் போட்டேன். வந்த பதிலை இன்றுவரை பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருக்கிறேன். தங்களுடைய தொலைநோக்கான யோசனையைப் படித்து அலுவலகமே நெடுநேரம் மகிழ்ந்தது, இதுபோன்ற யோசனைகள் இன்னும் இருந்தால் தங்களிடமே பத்திரமாக வைத்திருக்கவும் என்று அழகான இங்கிலிஷ். எடுத்துக் கொடுத்து, "இதுக்குத் தொனி சொல்லு பார்ப்போம்" என்றேன்.

மகள் படித்தாள். இன்னொரு தரம் படித்தாள்.

"இதை வேற யாருக்காவது காட்டினீங்களாப்பா?"

"காட்டாமலா? பெரட்டுக்களத்தில் தமிழில் சொல்லியே காட்டினேன். எல்லோரும் கை தட்டினார்கள். கணக்கப்பிள்ளை மாலை போட்டார்."

"மாலை போட்டாரா?" என்றாள். பிறகு கடிதத்தை மெதுவாக உறைக்குள் போட்டுக்கொண்டே, அம்மாவைக் கூப்பிட்டாள்.