அட்டை நாற்பது வயசு வரைக்கும் செல்லும்

வாடா பேராண்டி, வா. அல்வாவ அப்புறம் குடு, மொதல்ல அந்த அட்டையக் காட்டு. அடேயப்பா, போட்டோவுல திருட்டு முழி முழிச்சாலும் லட்சணமாத்தான் இருக்க. இதுக்காடா உங்கம்மா தெரு முழுக்க இனிப்பு குடுத்துக்கிட்டு வர்றா? சரி சரி, கோச்சுக்காத. திண்ணையில உக்காரு.

கால் ஊனாம எட்டு போட்டியாமே, உங்கப்பன் சொன்னான். பிரேக் இன்ஸ்பெக்டரே அசந்துட்டாராம். சந்தோசம். ஆனா நம்மூரு ரோட்டுல எட்டு போடுறதுக்கு எடமே கெடையாது. நேரா போயி நேரா வர்றதுதான் இங்க பரீச்சை.

முப்பது வயசுக்குள்ள எடுத்தா அட்டை நாப்பது வயசு வரைக்கும் செல்லுமாமே? உனக்கு இப்ப 19. ஆக, 21 வருசத்துக்கு அட்டை செல்லும். அதுவரைக்கும் நீ செல்லணுமேடா, அதுக்கு என்ன வழி?

ஒண்ண நீ கவனிக்கல. நேத்து வரைக்கும் யாராவது கேட்டா, 'தெரியாம செஞ்சுட்டேன் சார்'னு தலையச் சொறிஞ்சுக்கிட்டு நின்னிருக்கலாம். அட்டை கைக்கு வந்த நிமிசமே அந்தப் பாத்தியதை போச்சு. சிக்னல் படத்துக்கெல்லாம் பதில் சொல்லித்தானே எல்.எல்.ஆர். வாங்கின? 'எல்லாம் எனக்குத் தெரியும்'னு நீயே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரிதான் அது.

எங்க காலத்துல சைக்கிளுக்கே காசு கட்டி வில்லை வாங்கி மாட்டணும். ராத்திரி விளக்கு இல்லாம வந்தாலும் டபுள்ஸ் வந்தாலும் புடிச்சுக்குவாங்க. மாட்டு வண்டின்னா அச்சுக்குக் கீழ ராந்தல் தொங்கணும். அந்த வெளிச்சத்துல எங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது. எதிர வர்றவனுக்கு நாங்க வர்றது தெரியும், அதுக்குத்தான் அது. நீ ஒரு வெள்ளை லைட்டு மாட்டி வச்சிருக்கியே, சூரியனுக்குச் சித்தப்பா மாதிரி! கண்ணு கூசுனவன் வாய்க்காலுக்குள்ளயா போவான்? நேரா உன் மேலதான் வருவான். டிம் பண்ண ஒரு சுவிட்சு இருக்காமே, கட்டை விரலுக்குப் பக்கத்துலயே. தேடிப் பாரு.

நான் மட்டும் என்ன யோக்கியனா? கள்ளுக்கடை தெறந்திருந்த காலத்துல நெல்லு மூட்டைய எறக்கிட்டு, திரும்புற வழியில ரெண்டு மொந்தை போட்டுட்டு வைக்கோல்ல சாஞ்சிடுவேன். கண்ண முழிச்சா வண்டி வீட்டு வாசல்ல நிக்கும். உங்க பாட்டி வெளக்குமாத்தோட நிப்பா. ஓட்டிக்கிட்டு வந்தது யாரு? மயிலையும் செவலையும். அதுங்களுக்கு வீடு தெரியும், பள்ளம் தெரியும், லாரி வந்தா ஓரமா ஒதுங்கத் தெரியும். உன் வண்டிக்கு 150 சி.சி. இருக்கு, அறிவு அரை சி.சி. கூட கெடையாது. ஏறி உக்காந்திருக்கிறவனாச்சும் தெளிவா இருக்க வேணாமா? 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் சாராயம் தாண்டுனாலே குத்தம். மொதத் தடவைக்கே ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலு, இல்ல 10,000 ரூவா, இல்ல ரெண்டும். வெளக்குமாறு எவ்வளவோ தேவலைடா.

அடுத்து உன் சேக்காளி வருவான். 'மச்சான், சாவி குடு, ஒரு ரவுண்டு'ம்பான். லைசென்ஸ் இருக்கான்னு கேட்டா நட்பு முறிஞ்சிடும்னு பயப்படுவ. கேக்காம குடு, அவனுக்கு ஒரு 5,000, வண்டியக் குடுத்த கைக்கு ஒரு 5,000. அவன் யாரையாவது இடிச்சான்னு வையி, இன்சூரன்ஸ்காரன் அடிபட்டவங்களுக்குப் பணத்தக் குடுத்துட்டு, கோர்ட்டு உத்தரவோட வண்டிக்காரன்கிட்ட வந்து வசூல் பண்ணலாம். வண்டி யார் பேர்ல இருக்கு? உங்கப்பன் பேர்ல. அவனுக்கு இருக்கிறது மூணு மா நெலம். உன் நட்பு மூணு மா பெறுமான்னு நீயே கணக்குப் போடு.

உன் தம்பி இருக்கானே, பத்தாவது படிக்கிறவன், அவன் இன்னும் மோசம். சாவிய ஆணியில மாட்டிட்டு நீ குளிக்கப் போற. தலை தொவட்டுறதுக்குள்ள அவன் கடைத்தெருவச் சுத்திட்டு வந்துடுறான். 2019ல சட்டத்தத் திருத்துனாங்கல்ல? பதினெட்டு ஆகாத பய ஓட்டி ஏதாவது ஆச்சுன்னா, அப்பனோ வண்டிக்காரனோ மூணு வருசம் வரைக்கும் உள்ள போகணும். 25,000 ரூவா அபராதம். வண்டியோட ரிஜிஸ்ட்ரேசன் ஒரு வருசத்துக்கு ரத்து. பயலுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்சே கெடையாது. 'எனக்குத் தெரியாம எடுத்துட்டான்'னு சொல்லிக்கலாம், ஆனா அத அப்பன்தான் நிரூபிக்கணும். ஆணியில தொங்குற சாவிய வச்சு என்னத்த நிரூபிப்பான்?

திருவாரூர் போனப்ப கல்லுத்தேரக் காட்டுனேனே, ஞாபகம் இருக்கா? ராசா மகன் தேருல வந்தான், கன்னுக்குட்டி குறுக்க வந்து சக்கரத்துல சிக்கிச் செத்துச்சு. தாய்ப்பசு வந்து மணிய அடிச்சது. 'கன்னுதான் தானா வந்து விழுந்துச்சு'ன்னு சொல்லியும் மனுநீதிச் சோழன் ஒத்துக்கல, மகனையே தேர்க்கால்ல கெடத்துனான்னு கதை. இன்னைக்கு நடந்திருந்தா, 'கன்னுக்குட்டி இண்டிகேட்டர் போடல'ன்னு நம்மாளுங்க வாதாடுவாங்க. அப்ப அப்பன் மகனத் தண்டிச்சான். இப்ப மகனுக்காக அப்பன உள்ள தள்ளுறாங்க. காலம் மாறுனதுல அப்பனுங்களுக்குத்தான் நட்டம்.

மாசி, பங்குனியில பாத்துப் போ. உளுந்துச் செடியப் புடுங்கி ரோட்டுல பரப்பிடுவோம். வண்டி ஏறி ஏறி காய் ஒடையும், கூலி மிச்சம். அது நாங்க பண்ற அக்கிரமம்தான், வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனா அது மேல பிரேக்கு புடிச்சேன்னா, உளுந்தோட சேந்து நீயும் ஒடைவ.

இனி வெளையாட்டு இல்ல, காதக் குடு. என்னதான் பாத்து ஓட்டுனாலும் ஒரு நாள் யார் மேலயாவது இடிச்சுடலாம். இடிச்சா நில்லு. அடிபட்டவன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேக்குற கடமை ஓட்டுனவனுக்குத்தான்னு சட்டமே சொல்லுது. 108க்கு அடி. 24 மணி நேரத்துக்குள்ள போலீசுல போயிச் சொல்லு. செலவுக்கு யாருன்னு முழிச்சுக்கிட்டு நிக்காத. திட்டத்துல சேந்த ஆஸ்பத்திரியில மொத 48 மணி நேர வைத்தியம் அரசாங்கச் செலவுன்னு 2021 டிசம்பர்ல மேல்மருவத்தூர்ல ஆரம்பிச்சாங்க. நம்ம தெருவுக்குப் பால் ஊத்துனவரு விடிகாலையில ரோட்டோரம் கெடந்தாரே, அவர இடிச்சவன் நிக்கல. யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அவன் சட்டைப்பையிலயும் இப்படி ஒரு அட்டை இருந்திருக்கும். அவங்கம்மாவும் அல்வா குடுத்திருப்பா.

சரி, மூஞ்சியத் தொங்கப் போடாத. அந்த அல்வாவ இப்படிக் கொண்டா.

நாளைக்குக் காலையில மன்னார்குடிக்குக் கண்ணு காட்டப் போகணும். பஸ்சு வேணாம், உன் வண்டியிலயே வர்றேன். பெட்ரோல் டேங்குக்கு ஹெல்மெட்டு மாட்டி ஓட்டுறியே, அத நாளைக்கு மட்டுமாச்சும் தலைக்கு மாத்து. புடிச்சா 1,000 ரூவா, மூணு மாசத்துக்கு அட்டையும் போயிடும். எனக்கும் ஒண்ணு கொண்டா. பின்னாடி உக்காந்தாலும் நாலு வயசு தாண்டுன எல்லாரும் போடணுமாம். எனக்கு இந்தத் தையோட எழுபத்தெட்டு முடிஞ்சுது.