பறக்கச் சொல்லிக்கொடுத்தால் ஃபீஸ் உண்டா?

கேள்வி: வீட்டிலேயே விமானம் செய்து, அதில் மற்றவர்களுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்து ஃபீஸ் வாங்கலாமா?
– வாசகர், திருக்காட்டுப்பள்ளி

பதில்: முதலில் செய்து முடியுங்கள், கல்லாப்பெட்டியை அப்புறம் வாங்கலாம். மும்பை காந்திவலியில் மொட்டைமாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டிய பைலட் அமோல் யாதவுக்குப் பதிவு கிடைத்தது 2017-ல், பறக்க அனுமதி 2019-ல். அதற்குள் நீங்கள் இரண்டு சம்பா அறுத்திருப்பீர்கள்.

அமெரிக்காவில் இதே கேள்வி கோர்ட் வரை போனது. வீட்டில் செய்ததும் சேரும் சோதனை வகை விமானத்தில் காசுக்கு ஆள் ஏற்றக் கூடாது என்பது விதி. சரி, மாணவர் ‘ஆள்’தானா? உலகப்போர் காலத்து பி-40 விமானத்தில் பயிற்சி தந்த புளோரிடா கம்பெனி ஒன்றின் வழக்கில், ஆள்தான் என்று 2021 ஏப்ரலில் தீர்ப்பாயிற்று. அது வேறு வகை விமானம். ஆனால் விமானத்துறையான எஃப்.ஏ.ஏ. அதே கணக்கைச் சோதனை விமானத்துக்கும் நீட்டியது. விளைவு? சொந்த விமானத்தில் பழக, வாத்தியாருக்குக் காசு கொடுப்பவரும் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டியதாயிற்று! நம் டிராக்டரை நம் வயலில் ஓட்டிப் பழக, டிரைவர் பேட்டாவுக்குத் தாலுகா ஆபீசில் மனு கொடுக்கிற கதை. நல்லவேளை, கடிதம் ஈமெயிலிலேயே வந்தது.

2022 டிசம்பரில் அமெரிக்க காங்கிரஸ் சட்டம் போட்டு இதைத் தளர்த்தியது. கடிதம் இல்லாமலே வாத்தியார் ஃபீஸ் வாங்கலாம். ஆனால் பாடத்தோடு விமானத்தையும் அவரே தரக் கூடாது, விமானத்தைப் பயிற்சிக்கு என்று விளம்பரமும் செய்யக் கூடாது. நீங்கள் கேட்பதோ பாடமும் விமானமும் சேர்ந்த பேக்கேஜ்! நம்மூர் விமானத்துறையான டி.ஜி.சி.ஏ.வைக் கேட்காமல் குடமுருட்டிக் கரையில் போர்டு மாட்டிவிடாதீர்கள்.