கார்னர் மனையும் காணாமல்போன ஈசானியமும்

ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி. கிழக்கே ஒரு ரோடு, வடக்கே ஒரு ரோடு. "வடகிழக்கு கார்னர் சார், குபேரன் வீடு தேடி வருவான்" என்றார் தரகர். கார்னர் என்பதால் சதுர அடிக்குக் கூடுதல் விலை. முதலில் தேடி வந்தது செலவுதான்.

ரோடுகள் சந்திக்கும் முனையைச் சாய்வாக வெட்டியிருந்தார்கள். திரும்பும் வண்டிகளுக்குப் பார்வை மறைக்கக் கூடாதாம். நியாயம்தான். ஆனால் வாஸ்துக்காரர் தலையில் கைவைத்தார்: "எந்த மூலை குறைந்தாலும் பரிகாரம் உண்டு. ஈசானியம் மட்டும் குறையவே கூடாது!" ரோடுகள் சந்திப்பதே ஈசானியத்தில்தானே, ஐயா! எந்த மூலைக்காக அதிக விலை கொடுத்தேனோ, அந்த மூலையைத் தவிர எல்லாம் கிடைத்தது.

இருப்பதை வைத்து பிளான் போட்டோம். அக்னி மூலையில் சமையலறை, கன்னி மூலையில் படுக்கையறை, வாயு மூலையில் செப்டிக் டேங்க். எட்டுத் திக்குக்கும் இடம் ஒதுக்கியாயிற்று, சோபாவுக்குத்தான் இல்லை.

வீட்டுக்கு முன்னால் காம்பவுண்டுச் சுவர் எழும்பியது, இரண்டு தெருவுக்கும் சேர்த்து. மறுநாளே ஒரு பக்கம் கட்சி விளம்பரத்துக்கு 'ரிசர்வ்'. மறுபக்கம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். இரவில் சுவரோரம் ஒதுங்குகிறவர்களுக்காகச் சாமிபட டைல்ஸ் பதித்தேன். பிள்ளையார், முருகன், மாதா, கடைசியில் குபேரன்.

தரகர் வாக்கு பொய்க்கவில்லை. வந்துவிட்டான், காவலுக்கு நிற்கிறான்.